பலகை குடித்த தண்ணீர்

"கறையானைக் கொல்லணும். அனுமதி குடுங்க."

ஆதிமூலம் வந்து நின்ற வேகத்தில் தோளில் கிடந்த துண்டு நழுவித் தரையில் விழுந்தது. அவர் குனிந்து எடுக்கவில்லை.

தையல்நாயகி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"எங்க கறையான், அண்ணாச்சி?"

"பெரிய ஆசானோட பலகைல."

"பலகை மேலயா, உள்ளயா?"

"எங்க இருந்தா என்ன? கறையான் கறையான்தான்."

"அதுவும் சரிதான்" என்றார் தையல்நாயகி. பூச்சி அரித்த இலை ஒன்றைத் தனியே எடுத்து வைத்தார்.

ஆற்றங்கரையில் இருந்த அந்தக் குடிலில் விதிகள் அதிகம் இல்லை. கேள்வி கேட்கலாம். எதிர்த்துப் பேசலாம். ஆசான் சொன்னதையே பொய் என்றும் சொல்லலாம், ஆனால் காரணம் சொல்ல வேண்டும். எந்த உயிரையும் கொல்லக் கூடாது. அவ்வளவுதான்.

ஆதிமூலத்துக்கு எதிர்த்துப் பேசுவது பிடிக்கும். இருபது வருஷத்துக்கு முன்னால் பெரிய ஆசானை வாதத்தில் மண்ணைக் கவ்வ வைக்கத்தான் அவர் இந்தக் குடிலுக்கே வந்தார். தோற்றார். மறுநாளும் வாதாடிப் பார்க்கலாம் என்று தங்கினார். மறுநாளும் தோற்றார். அப்படியே தங்கிவிட்டார்.

பெரிய ஆசான் காலமாகி மூன்று வருஷம் ஆகிறது. தன் இடத்தில் அவர் வைத்துவிட்டுப் போனது ஆதிமூலத்தை அல்ல, அவரைவிடப் பாதி வயதே ஆன தையல்நாயகியை.

அதைப் பற்றி ஆதிமூலம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் வாதாடாமல் விட்ட ஒரே விஷயம் அதுதான்.

ஆனால் அன்றிலிருந்து தையல்நாயகியை அவர் எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஆசான் என்று இல்லை. அம்மா என்று இல்லை. அந்தப் பெண் மாணவியாக வந்த நாட்களில் 'ஏ புள்ள' என்பார், இப்போது அதுவும் இல்லை. நேராக எதிரே வந்து நின்று பேச ஆரம்பித்துவிடுவார்.

"வேப்பெண்ணெய் ஊத்தலாம். சுண்ணாம்புத் தண்ணி ஊத்தலாம். கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊத்தலாம். எதுன்னு மட்டும் சொல்லுங்க."

"எதை ஊத்துனாலும் சாகுமே."

"சாகத்தானே ஊத்துறது!"

"நம்ம விதி?"

"விதி எனக்கும் தெரியும். இங்க இருக்கிற எல்லாருக்கும் முந்தி அதைக் காதுல வாங்குனவன் நான். நான் கேக்குறது வேற. கறையானுக்கு அந்த விதி தெரியுமா? அது பாட்டுக்குப் பலகையைக் கொல்லுதே, அதை யாரு கேக்குறது?"

"மரம் வெட்டுன அன்னைக்கே செத்துப்போச்சு அண்ணாச்சி."

"அப்போ அது வெறும் செத்த மரம், அப்படித்தானே?"

"நான் அப்படிச் சொல்லல. கொலைப் பேச்சை எடுத்தது நீங்க."

அடுப்படியிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. பேச்சியம்மாள். குடிலில் சமைப்பதும் அவர்தான், யாருடைய வாதத்திலாவது ஓட்டை விழுந்தால் முதலில் சிரிப்பதும் அவர்தான்.

ஆதிமூலம் அந்தப் பக்கம் திரும்பாமலே, "சிரிக்கிறவங்க காரணம் சொல்லிட்டுச் சிரிக்கணும்" என்றார்.

"அடுப்பு ஊதுனேன் அண்ணாச்சி" என்றார் பேச்சியம்மாள்.

தையல்நாயகி கீரையை ஓரமாக வைத்துவிட்டு எழுந்தார்.

"வாங்க, பார்ப்போம்."

பலகை மேற்குச் சுவரை ஒட்டி, கூரைத் தாழ்வாரத்துக்கு வெளியே, மண்ணில் நின்றது. நாலு விரல் கனத்தில் மாமரம். நான்கு கட்டைக் கால்கள், நான்கும் மண்ணில் புதைந்திருந்தன.

தேக்கில் செய்யலாம் என்று அந்தக் காலத்திலேயே ஆதிமூலம் சொன்னார். பெரிய ஆசான் கேட்கவில்லை. "உக்காரத்தானேய்யா" என்றார். உட்கார்ந்தார். சாகும்வரை அதில்தான் உட்கார்ந்து பேசினார்.

அதற்குப் பிறகு அதில் யாரும் உட்காரவில்லை. ஆதிமூலம் விடவில்லை.

மாதம் ஒருமுறை அதற்குக் காவி பூசுவார். தினமும் சந்தனம் வைப்பார், நந்தியாவட்டைப் பூ நாலு வைப்பார். எல்லாவற்றுக்கும் முன்னால், பொழுது விடிந்ததும் கிணற்றிலிருந்து செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து பலகையில் ஊற்றுவார்.

அந்தத் தண்ணீருக்கு ஒரு வழக்கம் இருந்தது. காலையில் ஆசான் முதல் வார்த்தை பேசுமுன், கிணற்றின் முதல் தண்ணீரை மூத்த சீடர் கொண்டுவந்து அவர் கையில் வார்க்க வேண்டும். ஆசான் குடித்த பிறகுதான் குடிலில் பேச்சு. பெரிய ஆசான் இருந்தவரை ஆதிமூலம் ஒரு நாள் தவறியதில்லை. அவர் போன பிறகும் தவறவில்லை.

தையல்நாயகி தானே இறைத்துக் குடித்துக்கொள்வார்.

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் முதலில் பலகையைக் கும்பிடுவார்கள். பிறகு, பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருக்கும் தையல்நாயகியைப் பார்த்து, "ஆசான் எங்கம்மா? தாகமா இருக்கு, கொஞ்சம் மோர் கொண்டா" என்பார்கள். அவரும் எழுந்து போய்க் கொண்டுவந்து கொடுப்பார். குடித்து முடித்த பிறகுதான் சிலருக்கு விஷயம் புரியும். பலருக்குப் புரியாது. ஒரு பெண்ணைப் பார்த்தால் மோர் ஞாபகம் வருமே தவிர ஆசான் ஞாபகம் வருமா? ஆதிமூலம் அங்கேயேதான் நிற்பார். சொல்ல மாட்டார்.

இப்போது அவர் பலகையின் முன்னங்காலைச் சுட்டிக் காட்டினார். காவியின் மேல் மண் பொருக்குத் தட்டியிருந்தது.

தையல்நாயகி அதைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தார்.

பின்னங்காலிலிருந்து விரல் தடிமனில் ஒரு மண்கோடு கிளம்பிச் சுவருக்குத் தாவியிருந்தது. சுவரில் வளைந்து வளைந்து ஏறிக் கூரையைத் தாங்கும் வாரை மரத்துக்குள் போய் மறைந்தது.

"இது எப்போ இருந்து?"

ஆதிமூலத்துக்குத் தெரியாது. தினமும் இங்கே வந்து நின்றவர்தான். ஆனால் அவர் சுவரைப் பார்க்க வந்தவர் இல்லையே.

பேச்சியம்மாள் கரண்டியோடு வந்து அண்ணாந்து பார்த்தார்.

"ஐயையோ. அந்த வாரைக்குக் கீழதான் நான் படுக்கேன்!"

"பலகையைச் சுவரை விட்டுத் தள்ளி வைக்கணும் அண்ணாச்சி" என்றார் தையல்நாயகி. "தண்ணி ஊத்துறதை நிறுத்தணும். ஈரம் காஞ்சா கறையான் தானாப் போயிரும். ஒண்ணும் சாக வேண்டாம்."

"தள்ளி வைக்கிறதா?"

"ஆமா."

"அவர் கையால போட்ட இடம் இது."

"ஆமா."

"இருபது வருஷமா இங்கதான் இருக்கு."

"ஆமா."

"எல்லாத்துக்கும் ஆமா சொன்னா எப்படி வாதாடுறது?" என்று கத்தினார் ஆதிமூலம். "பலகை இங்கிருந்து போனா நானும் போவேன். சொல்லிட்டேன்."

பேச்சியம்மாள் கரண்டியைத் தாழ்த்தினார். இப்போது அவர் சிரிக்கவில்லை. ஆதிமூலம் சொன்னால் சொன்னதுதான் என்று அவருக்குத் தெரியும்.

"எங்க போவீங்க?" என்று கேட்டார் தையல்நாயகி.

ஆதிமூலம் அதை யோசித்திருக்கவில்லை. ஊரில் அவருக்கு வீடு இல்லை. வயலை விற்றுவிட்டு வந்தவர். அறுபது வயதுக்கு மேல் புதிதாக யாரிடம் போய்த் தோற்பது?

"பலகை போற இடத்துக்கு" என்றார்.

"சரி."

"என்ன சரி? தண்ணியையும் நிறுத்த முடியாது."

"ஏன்?"

ஆதிமூலம் தயங்கினார். இதை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாமல் வைத்திருந்தது அவருக்குள் ஒரு பொக்கிஷம் போல இருந்தது. ஆனால் வாதம் என்று வந்துவிட்டால் கையில் இருப்பதையெல்லாம் எடுத்துப் போட்டுத்தானே ஆக வேண்டும்.

"முதல் வருஷம் ஊத்துன தண்ணியெல்லாம் வழிஞ்சு கீழ ஓடிரும்" என்றார். குரல் இறங்கியிருந்தது. "அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா வழியுறது குறைஞ்சுது. இப்போ ஒரு சொட்டு வழியறதில்ல. செம்புத் தண்ணி முழுசும் உள்ள போயிருது. ஊத்துன கண்ணோட போயிருது."

பலகையை உள்ளங்கையால் தொட்டார்.

"அவர் குடிக்கிறார்" என்றார் ஆதிமூலம்.

பேச்சியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பா, வேறு எதுவுமா என்று அவருக்கே தெரியவில்லை.

தையல்நாயகி சிரிக்கவில்லை. பலகையைப் பார்த்தார். ஆதிமூலத்தின் முகத்தைப் பார்த்தார். சேலையைச் சற்றுத் தூக்கிச் செருகிக்கொண்டார். நாலு பூவையும் எடுத்துப் பத்திரமாகப் பேச்சியம்மாள் கையில் கொடுத்தார்.

பிறகு பலகையில் உட்கார்ந்தார்.

"எந்திரிங்க!"

ஆதிமூலத்தின் குரல் ஆற்றுக்கு அந்தக் கரையில் கேட்டிருக்கும். இதுதானா? மூன்று வருஷம் தரையில் உட்கார்ந்து காத்திருந்தது இதற்குத்தானா? அவர் ஒரு எட்டு முன்னால் வைத்தார்.

"எந்திரிங்க! அது உங்களுக்கு..."

மளுக்கென்று ஒரு சத்தம்.

பெரிய சத்தம்கூட இல்லை. அப்பளம் நொறுங்குகிற சத்தம். பலகை நடுவில் பிளந்து உள்ளே போனது. ஆசானும் போனார். இரண்டு கால்களும் மேலே தெரிந்தன.

புழுதி அடங்கியது.

காவி பூசிய மரத்தூளுக்கும் ஈர மண்ணுக்கும் நடுவே தையல்நாயகி உட்கார்ந்திருந்தார். மடியெல்லாம், தோளெல்லாம், தலையெல்லாம் வெள்ளை வெள்ளையாகக் கறையான். பலகைக்குள் மரமே இல்லை. அடுக்கடுக்காக மண். அடுக்குக்கு நடுவே அவற்றின் நடமாட்டம். மேலே இருந்தது காவியும் சந்தனமும் சேர்ந்து இறுகிய ஒரு தோல் மட்டும்.

தையல்நாயகி சிரிக்கத் தொடங்கினார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"பேச்சியக்கா, கையைக் குடுங்க. நசுக்கிராம எந்திரிக்கணும்."

ஆதிமூலம் மண்டியிட்டு, உடைந்த பலகையில் ஒரு சில்லை எடுத்தார். ஒரு பக்கம் மூன்று வருஷக் காவி. மறுபக்கம் ஒன்றும் இல்லை. விரல் பட்டதும் உதிர்ந்தது.

"அப்போ இத்தனை நாளும்..."

என்றார் ஆதிமூலம்.

தையல்நாயகி தோளில் ஊர்ந்த ஒன்றை விரல் நுனியில் ஏந்தி உற்றுப் பார்த்தார்.

"நல்லாத்தான் வளர்த்திருக்கீங்க அண்ணாச்சி. ஒண்ணுகூட இளைக்கல."

ஆதிமூலம் கையில் ஒட்டிய தூளைத் தட்டிவிட்டார்.

பிறகு எழுந்தார். கீரை ஆய்ந்த இடத்தில் விழுந்து கிடந்த மேல்துண்டைப் போய் எடுத்து, உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

"பலகை போற இடத்துக்குப் போவேன்னு சொன்னேன்."

"சொன்னீங்க. அந்தக் கூடையை எடுங்க."

மண்ணும் தூளும் கறையானுமாகக் கூடை கூடையாக அள்ளினார்கள். வெயில் படாமல் மேலே ஈரச் சாக்குப் போட்டு மூடிக்கொண்டார்கள். தோட்டத்தின் கோடியில், வேலி ஓரமாக, இடி விழுந்து பட்டுப்போன ஒரு பனங்கட்டை கிடந்தது. குடிலுக்கும் அதற்கும் நடுவே நல்ல தூரம். அதன் அடியில் கொண்டுபோய்க் கொட்டினார்கள்.

கடைசிக் கூடையைக் கொட்டிவிட்டு ஆதிமூலம் அங்கேயே உட்கார்ந்தார்.

"வரலையா?" என்றார் பேச்சியம்மாள்.

"பலகை இங்கதானே இருக்கு."

பேச்சியம்மாள் ஆசானைப் பார்த்தார். ஆசான் கூடையை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டார்.

அங்கிருந்தே ஆதிமூலம் எல்லாவற்றையும் பார்த்தார். தையல்நாயகி ஏணி வைத்து ஏறி வாரையைத் தட்டிப் பார்த்தார். டங் டங்கென்று கெட்டியான சத்தம் வந்தது, பேச்சியம்மாள் நெஞ்சில் கை வைத்துப் பெருமூச்சு விட்டார். சுவரில் இருந்த மண்கோட்டைத் துடைப்பத்தால் சுரண்டினார்கள். சுவரை ஒட்டிய ஈர மண்ணை வெட்டி வெளியே தள்ளினார்கள். காய்ந்த மணலைக் கொட்டினார்கள். யாரும் இவரைக் கூப்பிடவில்லை. ஏணியைப் பிடிக்க ஒரு ஆள் இருந்திருக்கலாம் என்று மட்டும் இவருக்குத் தோன்றியது.

மத்தியானம் பேச்சியம்மாள் சோறு கொண்டுவந்தார்.

"பலகைக்கும் ஒரு கை வைக்கட்டா அண்ணாச்சி?"

"வச்சுட்டுப் போ."

"கோவிக்காதீங்க. காலையில நானும் பயந்துட்டேன். கூரை விழுந்திருந்தா நீங்க ஊத்துன தண்ணிக்கு நான்ல சட்னி ஆகியிருப்பேன்?"

ஆதிமூலம் சோற்றைப் பிசைந்தார். கீரைக் குழம்பு. நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததே அவருக்குக் கோபமாக இருந்தது.

வெயில் சாய்ந்தபோது தையல்நாயகி வந்தார். பக்கத்தில், தரையில், உட்கார்ந்தார். இருவரும் பனங்கட்டையைப் பார்த்தார்கள். அதன் அடியில் ஈர மண்ணில் ஒரு புதிய கோடு கிளம்பியிருந்தது. சுண்டுவிரல் நீளம்.

"கறையான் ஜெயிச்சிருச்சு" என்றார் ஆதிமூலம்.

"போட்டி எப்போ நடந்துச்சு?"

ஆதிமூலம் ஒரு குச்சியை எடுத்தார். ஒடித்தார். இன்னொன்றை எடுத்தார்.

"ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"அவர் ஏன் என்னை விட்டுட்டு உங்களை வச்சார்?"

மூன்று வருஷம். இத்தனை சின்னக் கேள்வி.

தையல்நாயகி யோசித்தார்.

"நானும் அதைத்தான் அவர்கிட்டக் கேட்டேன். அண்ணாச்சியை விட்டுட்டு ஏன் என்னைன்னு."

ஆதிமூலத்தின் கையில் இருந்த குச்சி ஒடியாமல் நின்றது.

"என்ன சொன்னார்?"

"சொல்லல. சொல்ல வாயெடுத்தார். இருமல் வந்துருச்சு. 'ஆதிமூலம், தண்ணி'ன்னு கூப்பிட்டார். நீங்க கொண்டுவந்தீங்க. குடிச்சார். பேச்சு அதோட போச்சு."

அந்த நாள் ஆதிமூலத்துக்கு நினைவிருந்தது. இந்தப் பெண் அழுதுகொண்டே வெளியே போனதை அவர் பார்த்திருந்தார். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்திருந்தார்.

"அப்புறம் கேக்கலையா?"

"அப்புறம் அவர் இல்ல."

தையல்நாயகி எழுந்து சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார்.

"பனி இறங்கும். ஈரத்துல உக்காந்தா உங்களுக்கு முட்டி வலிக்கும்" என்றார். போய்விட்டார்.

மறுநாள் பொழுது விடிந்தது.

ஆதிமூலத்தின் கால்கள் அவரைக் கேட்காமலே கிணற்றுக்குப் போயின. கை இறைத்தது. செம்பு நிறைந்தது. முட்டி வலித்தது. விந்தி விந்தி நடந்தார். மேற்குச் சுவருக்கு வந்தார்.

செம்பைச் சாய்க்கப் போனவர் அப்படியே நின்றார்.

காய்ந்த மணல். நாலு கால் இருந்த அடையாளம்கூட இல்லை.

அவர் எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியாது. செம்பு கனத்தது. உள்ளே தண்ணீர் அசைந்து அசைந்து அடங்கியது. கீழே வைக்க மனம் வரவில்லை. ஊற்ற இடம் இல்லை.

காலடிச் சத்தம் கேட்டது. தையல்நாயகி முற்றம் கூட்ட வந்திருந்தார். தூக்கம் கலையாத முகம். கையில் துடைப்பம். இன்னும் முதல் வார்த்தை பேசியிருக்கவில்லை.

செம்பைப் பார்த்தார். அவரைப் பார்த்தார்.

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். பக்கத்தில் வந்து குனிந்தார். இரண்டு கைகளையும் குவித்து நீட்டினார்.

ஆதிமூலம் செம்பை உயர்த்தினார். கண்ணை இறுக மூடிக்கொண்டு மடமடவென்று கவிழ்த்தார்.

மூக்கெல்லாம், கழுத்தெல்லாம், சேலையெல்லாம் தண்ணீர். தையல்நாயகிக்குப் புரையேறியது. இருமினார். முகத்தை வழித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

அந்த நாளின் முதல் வார்த்தையைச் சொன்னார்:

"மெல்ல ஊத்துங்க அண்ணாச்சி. நான் பலகை இல்ல."